டேலில்லி: இலை மண்டுகிறது, பூ வரவில்லை

மூன்று ஆண்டுகளுக்கு முன் நட்ட டேலில்லி. முதல் பருவத்தில் நாலு பூத்தண்டு, அடுத்ததில் ஆறு. இந்த முறை இலை மட்டும் புதராக மண்டி நிற்கிறது, தண்டு ஒன்றுகூட எழவில்லை. தண்ணீர் குறைக்கவில்லை, மாதம் தவறாமல் உரமும் போகிறது. இன்னும் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இன்னும் என்ன செய்வது என்பதைவிட எதை நிறுத்துவது என்று யோசிப்பதுதான் இந்தச் செடிக்குச் சரிப்படும். டேலில்லியைக் கவனிக்காமல் விட்டுச் சாகடித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஓயாமல் கவனித்துப் பூக்க விடாமல் செய்தவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன். ஆரம்பத்தில் நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன்.

முதலில் ஒரு சின்ன விஷயத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். உங்களிடம் இருப்பது டேலில்லிதானா? பெயரில் லில்லி ஒட்டிக்கொண்டிருப்பதால், அசல் லில்லிக்குச் சொல்லும் பக்குவத்தை இதற்கும் செய்துவிடுகிறார்கள். அசல் லில்லிக்கு மண்ணுக்குள் செதில் செதிலாகப் பூண்டுபோல ஒரு குமிழ் இருக்கும். அதிலிருந்து ஒற்றைத் தண்டு எழும்பி, அந்தத் தண்டு நெடுகிலும் இலை வரும். டேலில்லியின் பூத்தண்டில் சொல்லும்படியான இலை கிடையாது. இலைகள் எல்லாம் அடியிலிருந்தே கிளம்பி, கைவிசிறியை விரித்ததுபோல இரண்டு பக்கமும் வளைந்து தொங்கும். தோண்டினால் குமிழ் இருக்காது. சதைப்பிடிப்பான வேர்கள் இருக்கும், அவை அங்கங்கே குட்டிக் கிழங்குபோல உப்பியிருக்கும். செடி தண்ணீரையும் சத்தையும் சேர்த்து வைப்பது அந்த உப்பல்களில்தான். ஒரு வாரம் நீங்கள் ஊருக்குப் போய்விட்டாலும் அது கவலைப்படாததற்குக் காரணம் அதுதான்.

தாவரவியலில் இதற்குப் பெயர் ஹெமரோகாலிஸ். கிரேக்கத்தில் ஹெமரா என்றால் பகல், காலோஸ் என்றால் அழகு. ஒரு பூவின் ஆயுள் ஒரே நாள் என்பதால் 1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் அப்படிப் பதிவு செய்தார். சீனா, கொரியா, ஜப்பான் பக்கத்துச் செடி. ரொம்ப காலம் லில்லிக் குடும்பத்தில் வைத்திருந்தார்கள். இப்போது சோற்றுக்கற்றாழை இருக்கும் அஸ்ஃபோடெலேசி குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள். கற்றாழை அளவுக்கு இது வறட்சி தாங்காது, ஆனாலும் யாருடைய சொந்தக்காரர் என்று தெரிந்தால் குடத்தோடு ஓடுகிற கை கொஞ்சம் நிதானப்படும்.

இனி உங்கள் செடிக்கு வருவோம். டேலில்லி பூக்காமல் நிற்க வழக்கமாக ஐந்து காரணங்கள்: வெயில் போதவில்லை, ஆழமாக நட்டுவிட்டோம், தழைச்சத்து (நைட்ரஜன்) மிஞ்சிவிட்டது, குத்து நெருக்கிக்கொண்டது, வகை அந்தத் தட்பவெப்பத்துக்கு ஒத்துவரவில்லை. உங்கள் செடி இரண்டு பருவம் பூத்திருக்கிறது, ஒவ்வொரு முறையும் கூடுதலாகவே பூத்திருக்கிறது. ஆகவே நட்ட ஆழமும் தட்பவெப்பமும் முதல் சந்தேகத்தில் வராது. ஆழம் தப்பாக இருந்தால் முதல் வருடமே முனகியிருக்கும். தட்பவெப்பம் ஒத்துவராவிட்டால் இலையும் சேர்ந்தே மெலிந்து சவலையாகும். உங்களுடையதோ கொழுத்து நிற்கிறது. மிச்சம் வெயில், உரம், நெருக்கம் மூன்றும்தான். மூன்றும் சேர்ந்திருக்கவும் வாய்ப்புண்டு.

வெயில் விஷயத்தில் நம் கணக்கு எப்போதும் தாராளமாகவே இருக்கும். 'நல்ல வெயில் படும் இடம்' என்று எல்லோரும் சொல்வார்கள். நேரடி வெயில் குறைந்தது ஆறு மணி நேரம் வேண்டும். வெளிச்சம் கணக்கில் வராது. ஒரு விடுமுறை நாளில் காலையிலிருந்து மணிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து, செடிமேல் வெயில் விழுகிறதா என்று ஒரு தாளில் குறித்துவிடுங்கள். நட்டபோது இருந்த வெயில் இப்போதும் இருக்கிறது என்பதற்கு உத்தரவாதமில்லை. மூன்று வருடத்தில் பக்கத்து மரம் கிளை விட்டிருக்கும், ஒரு சுவர் எழும்பியிருக்கும். மரம் பக்கத்தில் இருந்தால் நிழலோடு முடியாது, அதன் வேர்கள் தண்ணீருக்கும் போட்டிக்கு வரும்.

இதில் ஒரு விதிவிலக்கு. அடர்சிவப்பு, கருநாவல் நிறப் பூக்கள் வெப்பத்தை அதிகம் உறிஞ்சும். மதியத்துக்குள் இதழின் ஓரம் உருகி வழிந்ததுபோல ஆகிவிடும். அவற்றுக்குக் காலை வெயில் முழுதாகவும் பிற்பகலில் லேசான நிழலும் கிடைத்தால் நல்லது. வெளிர்மஞ்சள், இளஞ்சிவப்பு வகைகள் வெயிலில்தான் தங்கள் நிறத்தையே காட்டும். இன்னொன்று: பூக்கள் வெளிச்சம் வரும் பக்கமாக முகம் திருப்பும். நடைபாதை ஒரு பக்கமும் வெயில் மறுபக்கமும் இருந்தால், நீங்கள் வாழ்நாள் முழுக்கப் பூவின் முதுகைத்தான் பார்ப்பீர்கள்.

அடுத்தது உரம். இதைச் சொல்ல எனக்கு அனுபவம் அதிகம், பெருமைப்படும்படியான அனுபவம் இல்லை. முதன்முதலில் டேலில்லி வைத்தபோது இரண்டு வாரத்துக்கு ஒரு கரண்டி யூரியா போட்டுக்கொண்டிருந்தேன். இலை கரும்பச்சையாக, முழங்கால் தாண்டி, சாய்ந்து விழும் அளவுக்கு வளர்ந்தது. பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். அந்தப் பருவத்தில் வந்தது இரண்டே தண்டு. அதோடு இலையிடுக்கெல்லாம் சாறுறிஞ்சும் அசுவினிப் பூச்சி. தழைச்சத்து கொட்டிக் கிடக்கும்போது செடி இலையாகவே வளர்ந்துகொண்டிருக்கும், பூக்கும் வேலை தள்ளிப் போகும். அப்படி வளர்ந்த இலை நீர்கோத்து மென்மையாக இருப்பதால் பூச்சிக்கும் விருந்து.

ஆகவே மாத உரத்தை இன்றோடு நிறுத்திவிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, புதுத் துளிர் கிளம்பும் சமயத்தில், நன்றாக மட்கிய கம்போஸ்ட்டை இரண்டு விரல் தடிமனுக்குச் செடியைச் சுற்றிப் பரப்பினால் பெரும்பாலான மண்ணுக்குப் போதும். மண் வெறும் மணலாக இருந்தால், தழைச்சத்து குறைவாகவும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) சமமாகவும் உள்ள, மெதுவாகக் கரையும் உரம் ஒரு கைப்பிடி கூடுதலாக வைக்கலாம். 'நான் இந்தச் செடிக்கு உரமே வைப்பதில்லையே' என்று சிலர் சொல்வார்கள். பக்கத்தில் புல்தரை இருக்கிறதா என்று கேட்பேன். புல்லுக்குப் போடும் உரம் கிட்டத்தட்ட முழுக்கத் தழைச்சத்து, அது நீரோடு நகர்ந்து பாத்திக்கு வந்துவிடும்.

தண்ணீர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாரத்துக்கு ஏறக்குறைய 2.5 சென்டிமீட்டர் மழைக்குச் சமமான நீர், ஒரே தடவையாக, ஆழமாக இறங்கும்படி. தினம் ஒரு சொம்பு தெளிப்பது வேரை மேலேயே தங்க வைத்துவிடும். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டினால் விட்டுவிடுங்கள். ஆனால் தண்டு எழும்பி மொட்டு கட்டும் அந்தச் சில வாரங்களில் மட்டும் காயவிடக் கூடாது. விட்டால் மொட்டு விரியாமலே மஞ்சளாகி உதிரும். காலையில், அடியில் ஊற்றுங்கள். மேலே தெளித்தால் இதழில் புள்ளி விழும், இலை நனைந்தே இருந்தால் நோயும் வரும். மூடாக்கு, அதாவது மண்மேல் பரப்பும் சருகு, ஐந்து சென்டிமீட்டர் போதும், அதைச் செடியின் கழுத்தில் குவிக்க வேண்டாம்.

கழுத்து என்று நான் சொல்வது இலையும் வேரும் சந்திக்கிற அந்தக் கட்டையான பகுதியை. டேலில்லியின் உயிர் அங்கேதான். அது மண் மட்டத்துக்கு 2.5 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும், அதற்கு மேல் போகக் கூடாது. உங்கள் செடி நடும்போது சரியாகவே இருந்திருக்கலாம். வருடா வருடம் கம்போஸ்ட்டும் மூடாக்குமாக மேலே போட்டுப் போட்டுக் கழுத்து புதைந்திருக்கவும் கூடும். களைக்கொத்தால் அடியில் லேசாக மண்ணை விலக்கிப் பாருங்கள். இலையின் அடி வெள்ளையாக இருந்து ஓர் இடத்தில் பச்சைக்கு மாறும். அந்தக் கோடுதான் மண் மட்டம் இருந்த இடம். வெள்ளைப் பகுதி நாலு விரல் நீளத்துக்குப் போனால் செடி மூச்சு முட்டிக் கிடக்கிறது என்று அர்த்தம். மேல்மண்ணை வழித்து எடுத்துவிடுங்கள்.

இப்போது நெருக்கம். எனக்கு உங்கள் செடிமேல் இருக்கும் முதல் சந்தேகம் இதுதான். நெல் தூர் கட்டுவதுபோல டேலில்லியும் பக்கத்தில் பக்கத்தில் புது விசிறி, அதாவது ஒரு கழுத்திலிருந்து கிளம்பும் இலைக்கொத்து, விட்டுக்கொண்டே போகும். ஒற்றை விசிறியாக நட்டது வகையைப் பொறுத்து மூன்று நாலு வருடத்தில் பத்து, பதினைந்தாகிவிடும். எல்லாம் ஒரே கைப்பிடி மண்ணில் நின்று ஒன்றையொன்று நெரிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் செழிப்பு. நடுவில் கையை விட்டால் காய்ந்த சருகும் வெளிறிய இலையும்தான் வரும். மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை குத்தைப் பிரித்து நட வேண்டும். வேகமாகப் பெருகும் வகைக்கு மூன்று, நிதானமானவற்றுக்கு ஐந்து.

பிரிப்பதற்கு இரண்டு நேரம் உண்டு. பூக்கும் காலம் முடிந்த கையோடு ஒன்று, புதுத் துளிர் தலைகாட்டும் சமயத்தில் இன்னொன்று. கொளுத்தும் கோடையில் மட்டும் கை வைக்காதீர்கள். வெட்டுக்காயமும் வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் கழுத்து அழுகிவிடும். பனி உறையும் குளிர் உள்ள இடமென்றால், மண் உறைவதற்கு ஆறு வாரமாவது முன்னால் நட்டு முடித்திருக்க வேண்டும், வேர் பிடிக்க அவ்வளவு அவகாசம் தேவை.

முதல் நாள் நன்றாகத் தண்ணீர் பாய்ச்சிவிடுங்கள். மறுநாள் காலை இலைகளை ஒரு சாண் உயரத்துக்கு வெட்டுங்கள். நான் கைப்பிடியாகப் பிடித்துக் கத்தரியைச் சாய்த்து இரண்டு வெட்டு வெட்டுவேன், கூரைபோல நிற்கும். பிறகு குத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, சுற்றிலும் மண்வெட்டியை நேராக இறக்கி, அடியோடு நெம்பி எடுங்கள். மூன்று வருடக் குத்து கனமாகத்தான் இருக்கும். அதைத் தரையில் போட்டு இரண்டு உதறு உதறினால் பாதி மண் கொட்டும். மீதிக்குக் குழாயைத் திறந்து நேராகப் பீய்ச்சுங்கள்.

இந்தக் கழுவும் வேலையைச் சோம்பேறித்தனப்பட்டு விட்டுவிடாதீர்கள். மண் போனபிறகுதான் செடியின் கட்டுமானமே தெரியும். மொத்தப் புதர் என்று நினைத்தது தனித்தனி விசிறிகளாகப் பிரிந்து நிற்கும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கழுத்து, தனி வேர்க்கொத்து. பக்கத்து விசிறியோடு ஒட்டிய இடம் சில சமயம் விரல் அளவு, சில சமயம் வெறும் காய்ந்த தோல். இரண்டு கையிலும் இரண்டு விசிறியை அடியில் பிடித்து முன்னும் பின்னுமாக ஆட்டினால், பல இடங்களில் 'டக்' என்று தானே கழன்றுகொள்ளும். கழலாத இடத்துக்கு மட்டும் கூரான கத்தி. பழைய குத்தாக இருந்து வேர் சிக்கிக்கொண்டால், இரண்டு கார்டன் ஃபோர்க்குகளை முதுகோடு முதுகு ஒட்டி நடுவில் குத்தி, பிடிகளை இரு பக்கமும் விரித்தால் குத்து இரண்டாகப் பிளக்கும்.

பிரித்த ஒவ்வொரு துண்டையும் கையில் எடுத்துக் கழுத்தை அழுத்திப் பாருங்கள். கல்போலக் கெட்டியாக இருந்தால் சரி. பழுப்பாகக் குழைந்து, முகர்ந்தால் கெட்ட வாடை அடித்தால் அழுகல். வெள்ளைச் சதை தெரியும்வரை சீவி எறியுங்கள், கத்தியையும் துடைத்துவிடுங்கள். உலர்ந்து உள்ளீடற்றுப் போன வேர்களை வெட்டிவிடலாம், உப்பிய வேர்களைத் தொடாதீர்கள். ஒரு துண்டில் இரண்டு மூன்று விசிறி இருக்கும்படி வைத்துக்கொண்டால் அடுத்த பருவமே பூ பார்க்க வாய்ப்புண்டு. ஒற்றை விசிறியும் பிழைக்கும், பொறுமைதான் கொஞ்சம் அதிகம் வேண்டும்.

வெட்டுக்காயம் உலர நிழலில் சில மணி நேரம் போட்டுவையுங்கள். ஒரு நாள் ஆனாலும் பதற வேண்டாம், இந்தச் செடியை மண்ணில்லாமல் வெறும் வேரோடு பொட்டலம் கட்டி அனுப்பி விற்கிறார்கள். குழியை வேரைவிட அகலமாகத் தோண்டி, நடுவில் மண்ணைக் கூம்பாகக் குவித்து, அதன் தலையில் கழுத்தை உட்கார வைத்து, வேர்களைச் சரிவில் பரப்பிவிட்டு மூடுங்கள். காற்றுப்பை இல்லாமல் கையால் அழுத்தி, நிறையத் தண்ணீர். செடிக்குச் செடி 45 முதல் 60 சென்டிமீட்டர் இடைவெளி, குட்டை வகைக்கு 30 போதும். மண் களியாக இருந்தால் பாத்தியைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்ளுங்கள். எந்த மண்ணையும் தாங்கும் செடி இது, தேங்கி நிற்கும் தண்ணீரை மட்டும் தாங்காது. மண்ணின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 6க்கும் 7க்கும் நடுவில் இருந்தால் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

பிரித்து நட்ட அடுத்த பருவத்தில் பூ குறைவாக வரலாம். நிறம் வெளிறியோ இதழ் கோணலாகவோ வரலாம். வேறு செடி மாறி வந்துவிட்டதோ என்று சந்தேகப்படாதீர்கள், வேர் பிடித்தபின் தன் உருவத்துக்கு வந்துவிடும்.

தட்பவெப்பம் என்ற காரணம் உங்கள் செடிக்குப் பொருந்தாது என்றேன். புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு அதுதான் முதல் கேள்வி. டேலில்லியில் இலையின் நடத்தையை வைத்து மூன்று ரகம் சொல்வார்கள். குளிரில் இலை முழுக்கக் காய்ந்து மண்ணுக்குள் மொட்டாக ஒடுங்கிவிடும் உறங்கும் வகை, வருடம் முழுக்க இலை நிற்கும் பசுமை மாறா வகை, இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை. குளிரே இல்லாத இடத்தில் உறங்கும் வகையைக் கொண்டுவந்து நட்டால், தூக்கம் கெட்ட மனிதனைப்போல வருடா வருடம் மெலிந்துகொண்டே போய், ஒருநாள் காணாமல் போய்விடும். எவ்வளவு உரம் வைத்தாலும் அதைத் தேற்ற முடியாது. கடுங்குளிர் உள்ள இடத்தில் பசுமை மாறா வகையின் இளந்துளிர் பனியில் வெந்து போகும். எல்லாச் செடியும் இந்தக் கணக்குக்கு அப்படியே கட்டுப்படும் என்றில்லை, ஆனாலும் வாங்கும்போது பூவின் படத்தை மட்டும் பார்த்து மயங்காமல், எந்த ரகம் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். முடிந்தால் உங்கள் பகுதியில் ஏற்கெனவே ஒருவர் வளர்த்துப் பெருக்கிய குத்திலிருந்து வாங்குவதுதான் என் விருப்பம்.

பதிவு செய்யப்பட்ட வகைகளே 80 ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன, ஆகவே தேர்வுக்குப் பஞ்சமில்லை. முதல்முறை வளர்ப்பவருக்கு மஞ்சள் நிற ஸ்டெல்லா டி ஓரோ போதும். புது வகைகளை உருவாக்கும் வால்டர் ஜப்லோன்ஸ்கி என்பவர் 1975இல் பதிவு செய்தது, 28 சென்டிமீட்டர் உயரம், விட்டு விட்டு மறுபடி பூக்கும். எங்கே பார்த்தாலும் இதுதான் என்று தோட்டக்காரர்களுக்கு அலுத்துப்போகும் அளவுக்குப் பரவியதற்குக் காரணமே அது ஏமாற்றாது என்பதுதான்.

மறுபடி பூக்கும் வகை வைத்திருப்பவர்கள் ஒரு வேலையை மட்டும் விடக் கூடாது: வாடிய பூவைக் கிள்ளுவது. எனக்குப் பிடித்த வேலையும் இதுதான், காலையில் ஐந்து நிமிடம். நேற்றைய பூ ஈரத்தாள்போலச் சுருண்டு தொங்கும், அடர்நிறப் பூவென்றால் விரலில் சாயம் ஒட்டும். அதை ஒட்டியே இன்றைய பூ விரிந்திருக்கும், இரண்டுக்கும் இடுக்கில் நாளைய மொட்டு. அவசரமாக இழுத்தால் நாளைய மொட்டும் சேர்ந்து கையோடு வந்துவிடும், எத்தனையோ முறை எனக்கு வந்திருக்கிறது. ஒரு கையால் தண்டைப் பிடித்துக்கொண்டு, பூவின் அடியில் பெருவிரலை வைத்துப் பக்கவாட்டில் சாய்த்தால் 'சட்' என்று ஒடியும். இதழை மட்டும் உருவினால் அடியில் பச்சையாக ஒரு குமிழ் நின்றுவிடும், கருவுற்றிருந்தால் அதுதான் காயாகும். காய் முற்றினால் செடியின் சேமிப்பு அதற்குப் போய்விடும். தண்டில் எல்லா மொட்டும் தீர்ந்தபின் தண்டையே அடியோடு வெட்டிவிடலாம். பச்சை இலையை மட்டும் அழகுக்காக மொட்டையடிக்க வேண்டாம், அடுத்த வருடப் பூவுக்குச் சமையல் நடப்பது அங்கேதான். மஞ்சளானதை இழுத்தால் தானே வந்துவிடும், அதை எடுத்தால் போதும்.

நோயில் கவனிக்க வேண்டியது துரு நோய். பக்சினியா ஹெமரோகாலிடிஸ் என்ற பூஞ்சையால் வருவது. ஆசியாவில் பழையது, அமெரிக்காவில் 2000இல்தான் முதலில் தென்பட்டது, ஒரு சில ஆண்டுகளில் நாடெங்கும் பரவிவிட்டது. இலையில் மஞ்சள் புள்ளி தெரிந்தால் ஒரு வெள்ளைத் தாளை மடித்து இலையின் அடிப்பக்கம் தேய்த்துப் பாருங்கள். செங்காவிப் பொடி ஒட்டினால் துரு, ஒட்டாவிட்டால் வேறு ஏதோ இலைப்புள்ளி. துரு செடியைப் பெரும்பாலும் கொல்லாது, அலங்கோலமாக்கி வலுவைக் குறைக்கும். பாதித்த இலைகளை அடியோடு வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், கம்போஸ்ட் குழியில் போடாதீர்கள். புது இலை சுத்தமாக வரும். கடுங்குளிரில் இலை காய்ந்து போகும் இடங்களில் இந்தப் பூஞ்சைக்குத் தங்க இடம் கிடைக்காது, பச்சை இலை வருடம் முழுக்க நிற்கும் வெப்பமான இடங்களில் அது அப்படியே தொடரும். அதனால் புதுச் செடி எங்கிருந்து வந்தாலும் சில வாரம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டுப் பாத்திக்குக் கொண்டுபோங்கள்.

பூச்சிகளில் அசுவினியைக் குழாய்நீரைப் பீய்ச்சியே விரட்டலாம். பூவில் வெளிறிய கோடுகளும் மொட்டில் கோணலும் தெரிந்தால் இலைப்பேன். காய்ந்த வெயிலில் இலை மணல் தூவியதுபோல வெளிறினால் சிலந்திப்பேன், அதற்கும் முதல் வைத்தியம் தண்ணீர்தான். ஐரோப்பாவில் மொட்டு ஈ ஒன்று உண்டு, மொட்டு பந்துபோல உப்பி விரியாமல் நிற்கும், உள்ளே வெள்ளைப் புழுக்கள். பிரிட்டனில் 1989இல் முதலில் பதிவானது. அப்படி உப்பிய மொட்டைக் கிள்ளி அழித்துவிடுவதே வழி.

தொட்டியில் வளருமா என்று கேட்டால், வளரும். குட்டை வகையாக எடுத்து, 30 சென்டிமீட்டருக்குக் குறையாத அகலத்தில், வடிகால் ஓட்டை சரியாக உள்ள தொட்டி. தரையைவிடச் சீக்கிரம் காயும், சீக்கிரம் நெருங்கும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரிக்க வேண்டியிருக்கும். நான் தரையையே சொல்வேன்.

செடியைப் பெருக்க இன்னொரு வழி உண்டு, பலர் களை என்று கிள்ளி எறிந்துவிடுகிறார்கள். சில வகைகளில் பூத்தண்டின் நடுவிலேயே ஒரு கணுவிலிருந்து குட்டி விசிறி ஒன்று முளைக்கும். பூத்து முடித்தபின் அதன் அடியில் சின்ன வேர்முனைகள் புடைத்துத் தெரியும். அதற்கு மேலும் கீழும் இரண்டிரண்டு விரல் தண்டு விட்டு வெட்டி, ஈரமண்ணில் ஊன்றி நிழலில் வைத்தால் பிடித்துக்கொள்ளும். தாய்ச்செடியின் அச்சு அசல் நகல். விதையில் அந்த உத்தரவாதம் இல்லை. கலப்பின வகையின் விதையை நூறு போட்டால் நூறும் ஒவ்வொரு மாதிரி பூக்கும், பூக்கவும் இரண்டு மூன்று வருடம் ஆகும். சூதாட்டம் பிடித்தவர்கள் செய்து பார்க்கலாம். காய் வெடிக்கும்போது உள்ளே பளபளவென்று கருப்பு மணிகள் இருக்கும். உறங்கும் வகையின் விதையை ஈரத்தாளில் சுற்றிச் சில வாரம் குளிர்பெட்டியில் வைத்துப் போட்டால் முளைப்பு சீராக இருக்கும்.

காடுமேடெல்லாம் பரவிக் கிடக்கும் காவி நிற டேலில்லி, ஹெமரோகாலிஸ் ஃபுல்வா, மட்டும் காயே பிடிக்காது. ஏன் என்று நியூயார்க் தாவரவியல் பூங்காவில் இருந்த ஆர்லோ ஸ்டவுட் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். சாதாரண டேலில்லிக்கு 22 குரோமோசோம், இதற்கு 33. பதினொன்றின் மூன்று மடங்கு என்பதால் சரிபாதியாகப் பிரிய முடியாமல் விதை கட்டுவதில்லை. அந்த ஆராய்ச்சியின் வழியில் அவர் உருவாக்கிய கலப்புகள்தான் இன்றைய பல நிறங்களுக்கு அடித்தளம். அவர் பெயரில் ஒரு பதக்கம் தருகிறார்கள், நான் மேலே சொன்ன ஸ்டெல்லா டி ஓரோவுக்கு 1985இல் அது கிடைத்தது. விதை கட்டாவிட்டால் என்ன, ஃபுல்வா மண்ணுக்கடியில் கொடி ஓட்டியே கண்டங்களைத் தாண்டிவிட்டது. வட அமெரிக்காவில் பல இடங்களில் அதை ஆக்கிரமிப்புச் செடி என்றே சொல்கிறார்கள். யாராவது இலவசமாக ஒரு வாளி நிறையக் கொடுத்தால், வேலியோரம் தவிர வேறெங்கும் நடாதீர்கள்.

கடைசியாக, மொட்டோடு தண்டை வெட்டி வீட்டுக்குள் ஜாடியில் வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வைக்கலாம். காலையில் வெட்டித் தண்ணீரில் நிறுத்தினால், பருத்த மொட்டுகள் நாளுக்கு ஒன்றாக உள்ளேயே விரியும், நாள் போகப் போகப் பூ சற்றுச் சிறிதாகவும் வெளிறியும் வரும். ஆனால் வீட்டில் பூனை இருந்தால் வைக்காதீர்கள். டேலில்லியும் அசல் லில்லியும் பூனைக்குக் கடும் விஷம். இலை, பூ, மகரந்தம், ஜாடித் தண்ணீர் எதுவானாலும் கொஞ்சம் உள்ளே போனாலே ஓரிரு நாளில் சிறுநீரகம் செயலிழந்துவிடும். கடித்ததைப் பார்த்தாலோ, உடம்பில் மகரந்தம் ஒட்டியிருந்து அது நக்கிக்கொள்வதைக் கண்டாலோ, வாந்தி வருகிறதா என்று காத்திருக்காமல் அந்த நிமிடமே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். சில மணி நேரத்துக்குள் மருத்துவம் தொடங்கினால் காப்பாற்ற முடியும். தோட்டத்துக்கு வந்துபோகும் பூனை என்றால் பாத்தியைச் சுற்றி வலை கட்டுங்கள், இல்லையேல் வேறு செடிக்கு மாறிவிடுங்கள்.